டைகருக்கு வீடு பார்த்த கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. டைகரை யாருக்காவது கொடுத்துட்டு வரணும்.

எழுபதுகள்ல காரைக்குடியில ஒரு ஆச்சி வீட்டுப் பின்கட்டுல வாடகைக்கு இருந்தோம். நான், என் வீட்டுக்காரி, ரெண்டு பிள்ளைக, அப்புறம் எங்க நாய் டைகர். பேருதான் டைகர். குரைக்கவே தெரியாது. ஆளைப் பாத்தா ஓடிப்போய் ரெண்டு காலையும் தூக்கி நெஞ்சுல வச்சு மூஞ்சிய நக்கும். அதுக்கு ஊர்ல எல்லாரும் சொந்தக்காரக!

ஆச்சி மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாக. வர்ற வெள்ளிக்கிழமை சீர் சாமானையெல்லாம் முற்றத்தைச் சுத்தி இருக்கிற வளவுல பரப்பி வைக்கணும், சம்பந்தி வீட்டுக்காரக பாக்க வருவாக. ஒத்திகையா ஆச்சி நாலு வரிசை எவர்சில்வரை அடுக்கிப் பாத்தாக. டைகர் நடுவுல புகுந்து ஓடிச்சு. அந்தச் சத்தம் செக்காலை ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்!

ஆச்சி திட்டல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நாய் இங்க இருக்கக் கூடாது. பிரிய மனசில்லைன்னா நீங்களும் சேந்தே போயிருங்க."

கிணத்துத் தண்ணி வத்தாத அந்த மாதிரி வீடு எனக்கு எந்த ஜென்மத்துலயும் கிடைக்காது. டைகர் கழுத்துல கயித்தைக் கட்டிக் கிளம்பிட்டேன்.

கண்டரமாணிக்கத்துல பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டுக்கு முத்தையா அண்ணன்தான் காவல். நாய் ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. சம்பந்தி ஊரும் அதேதான். அது எனக்குத் தெரியும். ஊரு அவ்வளவு பெருசு, நாய் ஒண்ணே ஒண்ணு, என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சேன். என் புத்தி அப்படி!

பஸ்ஸுல கண்டக்டர் ஏத்தவே மாட்டேன்னாரு. டைகர் அவர் கையை நக்கிச்சு. உடனே டிரைவர் பக்கத்துல நல்ல எடம் கிடைச்சது, டைகருக்கு. நான் நின்னுக்கிட்டே போனேன்.

முத்தையா அண்ணன் சந்தேகமாப் பாத்தாரு. "கடிக்குமா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீக! புலி!"

புலி அதுக்குள்ள அவர் காலடியில மல்லாந்து படுத்து வயித்தைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு.

"திருடன் வந்தா சாவி எங்க இருக்குன்னு காட்டிக் கொடுக்கும் போலருக்கே!"

"பழகுனா சரியாயிரும்ணே"ன்னு சொல்லிக்கிட்டே கயித்தை அவுத்தேன். அவுத்திருக்கக் கூடாது.

நம்ம பக்கத்துப் பெரிய வீடுக எப்படின்னு தெரியும்ல? முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. நடுவுல இருக்கிற கதவெல்லாம் ஒரே நேருக்கு இருக்கும். காத்தாடட்டும்னு அத்தனையும் தொறந்து போட்டிருந்தாரு. டைகர் இங்குட்டு நுழைஞ்சு அங்குட்டு வெளிய போயிருச்சு. நான் செருப்பைக் கழட்டி எறிஞ்சுட்டுப் பின்னாடியே ஓடினேன்.

பின்தெருவுல ஒரு பெரியவர் நெஞ்சுல காலை வச்சு டைகர் நின்னுக்கிட்டு இருந்துச்சு. சலவைச் சட்டையில ரெண்டு கால் தடம். கிட்டப் போய் முகத்தைப் பாத்தேன். நிச்சயத்தன்னைக்கு நான் காப்பி கொடுத்த அதே சம்பந்தி!

இந்தக் கல்யாணம் நின்னா பழி என் தலையிலதானே?

"யாரு வீட்டு நாய்ப்பா?"

"காரைக்குடி... ஆச்சி வீட்டுல இருந்து வாரேனுங்க..."

அவர் முகம் அப்படியே மலர்ந்துருச்சு. "சம்பந்தியம்மா அனுப்புனாகளா? சீர்ல விளக்குமாறு வரைக்கும் வைப்பாகன்னு தெரியும். நாயும் வைப்பாகன்னு தெரியாமப் போச்சே! ஏ, இங்க வந்து பாரு!"

அவர் சம்சாரம் வந்து பாத்துட்டு, "நல்ல லட்சணமா இருக்கே! மொகத்துல சிரிப்பப் பாருங்களேன்"னாக.

இல்லைன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். தலை ஆமான்னு ஆடிருச்சு.

சீர் கொண்டாந்தவனை வெறுங்கையோட அனுப்பலாமா? அவுக வீட்டு நாய் போட்ட குட்டிகள்ல ஒண்ணைக் கூடையில வச்சு, நெத்தியில குங்குமமும் வச்சு, "பதில் மரியாதை. சம்பந்தியம்மா கையிலயே கொடுத்துருங்க"ன்னு நீட்டுனாக. வேணாம்னா அபசகுனம்! வாங்கிக்கிட்டேன்.

ஆச்சி கூடையைப் பாத்தாக. என்னைப் பாத்தாக. நடந்ததைச் சொல்லி முடிச்சேன்.

"சம்பந்தி வீட்டுல இருந்து வந்த மொத மரியாதை. தள்ளவா முடியும்?" பெருமூச்சு விட்டாக. "வளக்குறது நீங்கதான். வீட்டைக் காலி பண்ணிட்டு எங்குட்டாச்சும் தப்பிச்சுப் போகலாம்னு கனவு காணாதீக!"

வீடு தப்பிச்சது. ஆனா தட்டு முன்னாடி உக்காந்தா டைகர் ஞாபகம் வந்து எனக்குச் சோறு எறங்கல. நெசமாவே அழுகை வந்துச்சு.

வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. வளவு முழுக்க எவர்சில்வர், பித்தளை, பீங்கான் பூச்சுப் போட்ட மங்குச் சாமான். கால் வைக்க எடமில்லை. வாசல்ல சம்பந்தி வீட்டுக் கார் வந்து நின்னுச்சு. கதவு தொறந்ததும் மொதல்ல குதிச்சது டைகர்.

ஆச்சி ரெண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க"ன்னாக. யாரைச் சொன்னாகன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல.