உட்கார்ந்தபடியே நடந்தவன்

இனி என்ன ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. வீரத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

உட்காருவது எனக்குத் தொழில், ஐயா. பெரிய துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எத்தனையோ மாடி ஏறியிருக்கிறேன். முதலாளியே மேலே போக வேண்டுமென்றால் நான் மனசு வைக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்டவன் வயதான காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு கூடிவிட்டது. தைரியம் கூடவில்லை. எழுந்தால் மறுபடி விழுவேன் என்று உள்ளுக்குள் உதறல். சொல்ல வெட்கமாக இருந்ததால் முட்டி வலி என்று சொல்லி வைத்தேன்.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண் என்னை வைத்துக்கொண்டே மனைவியிடம் போட்டு உடைத்தாள்.

"இப்படியே உட்கார்ந்திருந்தா கால்ல இருக்கிற கொஞ்சநஞ்ச பலமும் போயிடும்மா. அப்புறம் பாத்ரூமுக்குக்கூட நீங்கதான் தூக்கிட்டுப் போகணும். அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லுங்க."

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எடையில் அவள் என்னில் பாதி.

"என்னால முடியாதும்மா," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் பயம் பெரிசு. மறுநாளே கைத்தடியை வைத்து ஒரு ஏற்பாடு செய்தேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, நடக்கிறீங்களா?"

"நடக்கிறேன், நடக்கிறேன்!"

நாற்காலியில் சாய்ந்துகொண்டு தடியால் தரையைத் தட்டினேன். டொக்... டொக்...

"எதுவரைக்கும் போனீங்க?"

"ஜன்னல் வந்தாச்சு!"

"திரும்பிட்டீங்களா?"

"இதோ!" டொக்.

"மூச்சு வாங்குதா?"

வாங்கிக் காட்டினேன். "பாத்து, மெதுவா," என்றாள் பாவம். நானும் மெதுவாகத் தட்டினேன். ஒரு வாரத்தில் ஊரையே சுற்றி வந்திருப்பேன், கால் தரையில் படாமல்.

அப்புறம் ஒரு காலை. வழக்கம்போலத் தட்டினேன். உள்ளிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை.

"ஜன்னல்கிட்ட வந்துட்டேன்!"

பேச்சு மூச்சில்லை.

பால் தீயும் வாடை வந்தது. என் மனைவி என்னை மறந்தாலும் பாலை மறக்க மாட்டாள்.

"ஏம்மா! அடுப்பைப் பாரேன்!"

டமார் என்று ஒரு பாத்திரம் விழுந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

கைப்பிடியை ஊன்றி எழுந்தேன். பாதியில் தொடை வெடவெடத்துத் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அவள் கீழே கிடக்கிறாளோ? அடுப்பு எரிகிறதே! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுந்தேன். விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறேன். மேஜையைப் பிடித்தேன், சுவரைப் பிடித்தேன், கதவைப் பிடித்தேன். தடி எங்கே போனது என்றே தெரியாது.

சமையலறையில் அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரம் தரையில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கையில் காபியோடு என் மனைவி அம்சமாக உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு... ஒண்ணும் ஆகலையா?"

"எனக்கென்ன?"

"கத்தினேனே, காது கேக்கலையா?"

"நல்லா கேட்டுச்சு. ஒரு வாரமாவே கேக்குது. நடக்கிறவங்க சத்தம் கிட்ட வரும், தூரப் போகும். நீங்க மட்டும் ஒரே இடத்துலயே நடக்கிறீங்களே, எப்படி?"

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "போய்ட்டியோன்னு பயந்துட்டேன்டி!"

அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "நீங்க ஒரு நாள்தான் பயந்தீங்க. நான் அந்த நாற்காலியைப் பார்த்து தினம் பயந்தேன்."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "சரி, தப்புதான். காலெல்லாம் நடுங்குது. கொஞ்சம் எழுந்திரு, நான் உட்காரணும்."

அவள் அசையவில்லை. நிதானமாக ஒரு வாய் காபி குடித்தாள்.

"உங்க நாற்காலி ஹால்ல இருக்கு. நடந்து போய் உட்காருங்க."