கடல் அட்டைக்கு ஓர் அனுமதி

கரக்... கரக்... டொக்.

படகுக் கொட்டகையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ இழுத்தார்கள். ஐலர்ட் பேனாவை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான். மணி மூன்றரைதான். ஆனால் உலகத்தின் வடகோடியில் கிடக்கும் ஹாவ்னெஸ் தீவில் நவம்பர் மாதத்து மூன்றரை மணிக்கு, எதிரே நிற்பது மனிதனா மாடா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கரக்... டொக்.

அவனுக்குப் பக்கத்து வீட்டு ஓட்வாரின் ஞாபகம் வந்தது. கெட்டது எது நடந்தாலும் அவனுக்கு முதலில் ஓட்வார்தான் ஞாபகத்துக்கு வருவான். மேஜைமேல் விரித்திருந்த பதினோரு பக்க விண்ணப்பத்தை அவசரமாக வலைக்கு அடியில் திணித்தான். கொக்கிக் கழியைக் கையில் எடுத்தான். கதவை ஒரு சாண் திறந்து, "யார்ரா அது?" என்று கர்ஜித்தான். கர்ஜனை கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"கத்தாதே. குழந்தை தூங்கறா."

அவன் மனைவி தோரா. குழந்தை வண்டியின் சக்கரத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு உருள மறுத்தது. அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் எட்டு மாதச் சிக்னே, கம்பளி மூட்டைக்கு நடுவே மூக்கு மட்டும் தெரிய, அந்த ஊர்க் குழந்தைகளின் வழக்கப்படி குளிர்காற்றில் சுகமாகத் தூங்கினாள்.

"இங்க எதுக்கு வந்தே?"

"இந்தச் சுவர் ஓரமா காத்து அடிக்காது. தினமும் இங்கதான் தூங்க வைக்கிறேன். நீ எதுக்குக் கழியோட நிக்கறே?"

"வலையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"வலைகிட்டதான் இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தியா? 'ஒரே ஒரு படகு, ஒரே ஒரு படகு'ன்னு காதுல விழுந்துது."

ஐலர்டுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது.

விஷயம் இதுதான். கடல் அட்டை என்று ஒரு பிராணி கடலடியில் சும்மா கிடக்கிறது. ஊரில் எவனும் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. காய வைத்து அனுப்பினால் சீனாவில் தங்கத்தைப் போலக் கையேந்தி வாங்குகிறார்களாம். அதைக் கூண்டு வைத்துப் பிடித்தால் கடலுக்குக் கேடு வருமா, வராதா என்று பார்க்க, மீன்வள அலுவலகம் இரண்டு குளிர்காலத்துக்குச் சோதனை அனுமதி தருகிறது. அதுவும் இந்தக் கரை முழுவதற்கும் ஒரே ஒரு படகுக்கு. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

அட்டை குவிந்து கிடக்கும் இடம் ஐலர்டுக்குத் தெரியும். வெளிப்பாறைகளைத் தாண்டி மூன்று மணி நேரம் போனால், இருநூற்றைம்பது மீட்டர் ஆழத்தில் ஒரு மேடு. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத மேடு. அங்கேதான் போன பிப்ரவரியில் அவன் எஞ்சின் நின்றுபோனது. பதினான்கு மணி நேரம் அலை அவனைப் பந்தாடியது. நிறைமாதத்துக்கு ஒரு மாதமே இருந்த தோரா, அந்தப் பதினான்கு மணி நேரமும் சமையலறை ஜன்னலில் நெற்றியை வைத்தபடி நின்றாள். கரை சேர்ந்த அன்று அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. ஒரே ஒரு சத்தியம் கேட்டாள். குளிர்காலத்தில் இனிமேல் வெளிப்பாறையைத் தாண்டுவதில்லை. ஐலர்ட் பல் கிட்டித்துப் போயிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான். ஆட்டியதும் சத்தியம்தான் என்று தோரா சொல்லிவிட்டாள்.

ஆகவே அவன் ஒரு மாபெரும் திட்டம் தீட்டினான். எங்கே பிடிக்கப்போகிறாய் என்ற கேள்விக்கு, 'என் வீட்டு வாசலில் இருக்கும் குடா, ஆழம் முப்பது மீட்டர்' என்று எழுதுவது. அலுவலகத்துக்கு வரும் கடிதங்களை எல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது அந்த நாட்டின் சட்டம். அடுத்தவன் கடிதத்தைப் படிக்காமல் ஓட்வாருக்குக் காலைக் காபி தொண்டையில் இறங்காது. அவன் இந்தப் பொய்யைப் படித்து ஏமாறுவான். தோரா பார்த்துச் சந்தோஷப்படுவாள். அனுமதி கைக்கு வந்ததும் இருட்டோடு இருட்டாக வெளிப்பாறைக்குக் கம்பி நீட்டிவிடலாம். ஒரே பொய்யில் இரண்டு பேர்! தன் மூளையைத் தானே தட்டிக்கொடுக்க முடியவில்லையே என்றுதான் அவனுக்கு வருத்தம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வடையும் உருளைக்கிழங்கும். ஐலர்ட் நைசாக விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தான்.

தோரா முதலில் படத்தைப் பார்த்தாள். "என்ன இது? வெள்ளரிக்காய்க்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு."

"கடல் அட்டை. நம்ம எதிர்காலம்."

"நம்ம எதிர்காலத்துக்கு முகமே இல்லையே." பக்கத்தைத் திருப்பினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "வாசல் குடாவா?"

"ஆமா. ஜன்னல்லேருந்து நீ என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். காபி வேணும்னா கையைக் காட்டுவேன்."

தோரா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்வை கொஞ்சம் அதிக நேரம் நீடித்தது. ஐலர்ட் ஓர் உருளைக்கிழங்கை முழுசாக வாயில் போட்டுக்கொண்டான்.

"கரையில தகவல் சொல்ல ஓர் ஆள் வேணும்னு போட்டிருக்கே?"

"அது நீதான். ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

தோரா கல்யாணத்துக்கு முன்னால் ஊராட்சி அலுவலகத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். கொட்டகை கட்ட, கோழி வளர்க்க, வேலி போட என்று ஊரார் கொடுத்த விண்ணப்பம் அத்தனையும் அவள் மேஜையைத் தாண்டித்தான் போயின. படிவத்தைக் கண்டால் அவள் முதுகு தானாக நிமிரும்.

"ஐலர்ட், ஒன்பதாம் பிரிவுல 'இல்லை'ன்னு எழுதியிருக்கே."

"என்ன கேட்டிருக்கான்?"

"பாதுகாப்புக்காக நீயா என்னென்ன கட்டுப்பாடு ஏத்துக்கறேன்னு கேட்டிருக்கான். இதுல 'இல்லை'ன்னு எழுதினா, முதல் பார்வையிலேயே தூக்கிப் போட்டுடுவாங்க. நான் எத்தனை தூக்கிப் போட்டிருக்கேன் தெரியுமா?"

ஐலர்ட் பேனாவை அவள் பக்கம் தள்ளினான். "அப்போ நீயே ரெண்டு வரி எழுதிடேன்."

"எழுதறேன். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடு."

"நீ எழுதினதை நான் என்னத்தைப் படிக்கிறது!" என்றான் பெருந்தன்மையாக. பதினோராம் பக்கத்தின் அடியில், பெயருக்குக் கீழே ஒரு வாலும் போட்டு, அழகாகக் கையெழுத்திட்டான். எவ்வளவு சுலபமாக ஏமாந்துவிட்டாள் பாவம் என்று அன்று அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

விண்ணப்பம் தபாலில் போன நான்காம் நாள் காலையில் ஓட்வார் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். அவன் வயிறு மட்டும் முன்னாலேயே வேலியைத் தாண்டி வந்துவிட்டது.

"யோவ் ஐலர்ட்! வாசல் குடாவுல அட்டை பிடிக்கப் போறியாமே? அங்க நான் தூக்கிப் போட்ட பழைய பூட்ஸைத் தவிர ஒண்ணும் கிடையாதுய்யா."

"உன் பூட்ஸ் கிடைச்சா திருப்பிக் கொடுத்துடறேன்."

"எதுக்கும் இருக்கட்டும்னு நானும் ஒண்ணு எழுதிப் போட்டுட்டேன். உனக்குக் கிடைக்கலேன்னா அடுத்தது நான்தான்!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஐலர்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து தபால் படகு ஊதும்போதெல்லாம் அவன் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளி நின்றது. சாப்பாடு இறங்கவில்லை. நடுநடுவே கயிறு வாங்கி வந்து கொட்டகையில் அடுக்கினான். கூண்டு ஒன்றுக்கு நானூறு மீட்டர். தோரா குழந்தையைத் தூங்க வைக்கும்போது அந்தக் கயிற்றுச் சுருள்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நல்ல கயிறு" என்றாள். அவ்வளவுதான்.

டிசம்பர் நான்காம் தேதி மத்தியானம் அனுமதி வந்தது.

ஐலர்ட் முதல் வரியை மட்டும் படித்தான். 'வழங்கப்படுகிறது' என்ற சொல்லைக் கண்டதும் எம்பிக் குதித்தான். விளக்குக் கூண்டில் தலை இடித்தது. வலி தெரியவில்லை. வானொலியில், ராத்திரி பத்து மணிக்கு மேல் வடமேற்கிலிருந்து புயல் என்றார்கள். அதுவும் அவன் காதில் ஏறவில்லை. இப்போது மணி மூன்று. ஆறு மணிக்கு மேட்டை அடைந்துவிடலாம். ஏழுக்குள் கூண்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பினால், புயலும் அவனும் ஒன்றாகத்தான் துறைக்குள் வருவார்கள். ஒரு நாள் தாமதித்தாலும் ஓட்வார் மோப்பம் பிடித்துவிடுவான்.

எண்ணெய்த்துணிச் சட்டையை மாட்டினான். நீள பூட்ஸை இழுத்துப் போட்டான். வாசல் கதவைத் திறந்தான். காற்று பனியை அள்ளி உள்ளே வீசியது.

"எங்க கிளம்பிட்டே?"

தோரா சிக்னேயை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையில் நின்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. குழந்தையைப் பிடித்திருந்த கைதான் வெளுத்துப்போயிருந்தது.

"குடாவுக்குத்தான். சும்மா ரெண்டு கூண்டை இறக்கிப் பார்த்துட்டு..."

"முப்பது மீட்டர் ஆழத்துக்கு நானூறு மீட்டர் கயிறு. மிச்சத்தை வச்சு என்ன பண்ணப் போறே? ஓட்வார் வீட்டைச் சுத்திக் கட்டப் போறியா?"

ஐலர்ட் வாயைத் திறந்தான். அந்த வழியாகவும் பனிதான் உள்ளே போனது.

"நீ என்கிட்ட அழகாப் பொய் சொன்னே ஐலர்ட். கயித்துக்கும் சொல்லிக்கொடுத்து வச்சிருக்கணும்."

"தோரா... ஒரே ஒரு தடவை. புயலுக்கு முன்னாடி வந்துடுவேன்."

"போன தடவையும் ஒரே ஒரு தடவைதான். நான் உன்னைத் தடுக்கல. ஒன்பதாம் பிரிவை மட்டும் படிச்சுட்டுப் போ."

நடை விளக்கின் கீழே, ஈரக்கையோடு அவன் படித்தான். 'விண்ணப்பதாரர் தாமாகவே முன்வந்து கேட்டுக்கொண்டபடி, அனுமதிக் காலம் முழுவதும் எந்த மீன்பிடிப்புக்கும் படகு சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே துறையை விட்டு வெளியே இருக்கலாம்.'

இரண்டாம் முறை படித்தான். மெதுவாக நிமிர்ந்தான்.

"தோரா... சூரியன் போன வாரமே போயிடுச்சே. இப்போ உதயமே கிடையாதே."

"ஆமா."

"திரும்ப எப்ப வரும்?"

"ஜனவரி பதினாறு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உதயம். பன்னிரண்டே காலுக்கு அஸ்தமனம்."

"கூண்டை இறக்கவே அரை மணி ஆகுமே!"

"சுறுசுறுப்பா இறக்கு."

"இருட்டுல போனா யாருக்குடி தெரியப் போவுது?"

"படகுல ஒரு கருவி மாட்டியிருக்கு. அதையும் நீதான் தாமாகவே முன்வந்து கேட்டிருக்கே, அடுத்த வரியைப் பாரு. கடிதம் வர்றதுக்கு முன்னாடியே, நேத்து நீ கயிறு வாங்கப் போயிருந்தப்ப அலுவலகத்து ஆள் வந்து மாட்டிட்டுப் போனான். படகு நகர்ந்தா அலுவலகத்துல மணி அடிக்கும். என் போன்லயும் அடிக்கும். உடனே அனுமதி ரத்து. அடுத்தது யாருன்னு உனக்கே தெரியும்."

ஐலர்டின் கண்முன் ஓட்வாரின் வயிறு வந்து நின்றது.

"ஆட்சேபம் எழுதறேன்! இது நான் எழுதினதில்லைன்னு எழுதறேன்!"

"தாராளமா எழுது. குடான்னு சொன்னது பொய், வெளிப்பாறைக்கு அப்பால எனக்கு ஒரு ரகசிய மேடு இருக்கு, ராத்திரியில போனாத்தான் சரிப்படும்னு விவரமா எழுது. நானே திருத்தித் தரேன். ஓட்வார் காலையில காபியோட படிப்பான்."

வெளியே காற்று ஊளையிட ஆரம்பித்திருந்தது. துறையில் படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் சத்தம் வீடு வரை கேட்டது. ஐலர்ட் இருட்டைப் பார்த்தான். காகிதத்தைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவள் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவள் முகம் மாதிரியே இல்லை.

"மார்ச்சுல பகல் நீளும்," என்றாள் மெல்ல. "காத்தும் குறையும். அப்போ போ. இவளுக்கு அப்பன் முகம் ஞாபகம் இருக்கிற வயசு வரட்டும்."

சிக்னே கையை நீட்டி, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள்.

ஐலர்ட் ஒரு பூட்ஸைக் கழற்றினான். அது காலை விடவே மறுத்தது. ஒற்றைக்காலில் தத்தித் தத்திச் சுவரில் சாய்ந்தான். கடலையும் ஓட்வாரையும் மீன்வள அலுவலகத்தையும் ஒரே திட்டத்தில் மடக்க நினைத்த மனிதனுக்கு, இரண்டாவது பூட்ஸைக் கழற்ற மனைவி பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"குளிர் உள்ள வருது. கதவைச் சாத்து. இன்னைக்குத் தாழ்ப்பாளையும் போடு, காத்து பிச்சு எறிஞ்சுடும்."

ஐலர்ட் கதவுக்குப் போனான். கையை வைத்தபடி கடைசியாக ஒரு தடவை ரோஷத்தோடு திரும்பினான்.

"கதவுக்கு நான் எந்தப் பக்கம் இருக்கணும்? அதையும் ஒன்பதாம் பிரிவுல எழுதியிருக்கியா?"

"பத்துல," என்றாள் தோரா.

அவன் கதவை உள்பக்கமாகத் தாழிட்டான்.