மூணு தோட்டத்துக் கம்பைலர்

லிங்கசாமி திருப்பூர் போகமாட்டான். போனால் மச்சான் தங்கையாவின் பனியன் கம்பெனியில் குடோன் பார்க்கணும், ஏவின வேலைக்கெல்லாம் தலையாட்டணும். குன்னூர்க் குளிரில் விறைத்துக் கிடந்தாலும் கிடப்பானே தவிர, அது மட்டும் ஆகாது.

ஆனால் பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, அவன் டீத்தூள் கலக்கிற ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அதனால் ஒரு முடிவெடுத்தான். தமிழ் அடிக்கத் தோதாகக் கீபோர்டு செய்து விற்பது. பொத்தான்களை வாங்கி, ஈயம் பற்றவைத்து, பலகையில் பொருத்தியும் ஆயிற்று. இனி அதற்கு உசிர் வேணும். அந்த உசிருக்கு ஃபர்ம்வேர் என்று பேர். அதைக் கம்ப்யூட்டரில் சமைத்துத்தான் கீபோர்டுக்குள் ஏற்றணும். சமைக்கிற அடுப்புக்குப் பேர் கம்பைலர். விண்டோசுக்கு ஒரு விதம், மேக்குக்கு ஒரு விதம், லினக்ஸுக்கு வேறு விதம் என்று இன்டர்நெட்டில் எழுதியிருந்தார்கள்.

லிங்கசாமி மூன்றையும் ஒரே மெஷினில் போட்டான்.

டிடிபி சென்டரில் வேலை பார்க்கிற அவன் சம்சாரம் ஞானசுந்தரி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நம்முளது விண்டோசு. அதுக்குண்டானதை மட்டும் போட்டா ஆகாதுங்களா?"

"ஒரு தோட்டத்துத் தூளு தனியா நிறம் குடுக்குமா புள்ள? மூணு தோட்டத்துது கலந்தாத்தான் டீ."

"இது டீ இல்லீங்களே."

"எல்லாம் கைப்பக்குவந்தான். நீ தொட்டுறாதே."

திரை முழுக்கச் சிவப்பெழுத்தாகக் கொட்டியது. லிங்கசாமி அசரவில்லை.

"அரைச்ச இலையும் இப்பிடித்தான். செத்த நேரம் புளிக்க விடோணும்."

"அப்ப அது புளிக்கறதுக்குள்ள மார்க்கெட் போயி கேரட்டு வாங்கிட்டு வந்துருங்க."

போய் வந்தான். கீபோர்டைத் தட்டினான். 'அ' விழுந்தது. 'ஆ' விழுந்தது. நெஞ்சு தொட்டபெட்டா உசரத்துக்கு நிமிர்ந்தது.

"பாத்தியா, கலவையோட மகிமையை?"

"பாத்தனுங்க," என்று அவள் கேரட்டைச் சீவ ஆரம்பித்தாள்.

அந்தச் சூட்டோடு தங்கையாவுக்குப் போன் போட்டான்.

"மச்சான், நான் அங்க வரலை. சொந்தமா கீபோர்டுக் கம்பெனி வெச்சுட்டேன்."

"தெரியுமுங்க மாப்ளே. தங்கச்சி இப்பத்தான் கூப்பிட்டுச்சு. நீங்க போட்டதையெல்லாம் அழிச்சுட்டு, விண்டோசுக்குண்டானதை மட்டும் போட்டுச்சாம். அப்பவே ஓடிருச்சாம். முதலீடு நான் தர்றேன்னுட்டனுங்க. கம்பெனி தங்கச்சி பேர்ல."

"அப்ப நானு?"

"தங்கச்சி அந்தக் கம்பெனிக் குடோனுக்கு ஒரு ஆள் வேணுமின்னுச்சு. உங்க பேரைச் சொல்லியிருக்கறனுங்க. யோசிச்சுச் சொல்றேன்னுருக்குது."