பச்சை நூல் தைத்த குடை

"என்னங்க, அப்பா சாயங்காலம் வர்றார். அவர் கொடுத்த குடை எங்க?"

போனில் கேட்டது புரோகிராமரின் மனைவி. குடை போன வாரமே ரயிலோடு போய்விட்டது.

"ஆபீஸ்ல இருக்கும்மா" என்றார். முழுப் பொய்யும் இல்லை. ரயிலில் தொலைந்த பொருள்களைச் சேர்த்து வைக்கும் அலுவலகத்தில்தான் அவருக்கு வேலை.

மாமனார் அந்தக் குடையைக் கையில் கொடுக்கவில்லை. போன வருடம் வந்தவர் கதவோரம் சாத்தி வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். "எங்கப்பா எதைக் கொடுத்தாலும் சொல்லிக் காட்ட மாட்டார்" என்று மனைவி உருகினாள். அன்றிலிருந்து நம்மவர் மழை இல்லாத நாளிலும் குடையோடுதான் நடந்தார். மாமனார் தன்னை மதித்துச் செய்த ஒரே காரியம் அது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

கிடங்கில் மூவாயிரம் குடைகள். கையால் தேடினால் ரிட்டயர்மென்ட் வந்துவிடும். நல்லவேளையாக அவர் எழுதிக்கொண்டிருந்த புரோகிராமே அதற்குத்தான். பொருளின் விவரத்தை, வரிவரியாக எழுதி வைத்த அடையாளங்களோடு மேலிருந்து கீழாக ஒப்பிடும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். பிறகு தொலைத்ததாக மனு கொடுத்தவருக்குச் செய்தி போகும். தன் குடைக்கும் ஒரு மனுவைப் போட்டு, ஓடவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் கவுன்டர்க்காரர் மூச்சிரைக்க வந்தார்.

"சார், வாசல்ல ஒரே கூட்டம்! எல்லார் போன்லயும் 'உங்க குடை கிடைச்சிருச்சு'ன்னு மெசேஜ்!"

'குடை என்றால் எதுவானாலும் சரி' என்ற வரி எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டிக் கீழே எதுவும் இறங்கவில்லை.

"ரெண்டே நிமிஷம்" என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கறுப்புக் குடைக்கென்று மேலே ஒரு வரி எழுதினார்.

கவுன்டர்க்காரர் மறுபடி வந்தார். கையில் முயல் படம் போட்ட ரோஸ் நிறக் குட்டிக் குடை.

"சார், இதைக் கறுப்புன்னு காட்டுது. பெரிய மீசைக்காரர் ஒருத்தர்கிட்ட நீட்டிட்டேன். அவர் பார்த்த பார்வை இருக்கே!"

புரோகிராமர் தலையில் அடித்துக்கொண்டார். கறுப்பு என்ற சொல்லுக்கு மேற்கோள் குறி போட மறந்திருந்தார். குறி இல்லாவிட்டால் கணினி அதை நிறமாக எடுத்துக்கொள்ளாது. ஒரு காலிப் பெட்டியின் பெயர் என்று நினைத்து, எந்த நிறம் வந்தாலும் உள்ளே போட்டுக்கொள்ளும். இப்படித் தப்புச் செய்யக் குறைந்தது ஐந்து வருட அனுபவம் வேண்டும்.

இந்த முறை ஒன்றையும் விடவில்லை. நிறம் கறுப்பு, மரக் கைப்பிடி, மூன்றாவது கம்பியில் பச்சை நூல் தையல்.

மூவாயிரத்தில் ஒன்றே ஒன்று நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டாம் தட்டு. நாற்காலி கவிழ எழுந்து ஓடினார்.

தட்டு காலி.

"அதுவா சார்? இப்பதான் கொடுத்தனுப்பினேன்" என்றார் கவுன்டர்க்காரர்.

"யோவ், அது என் குடைய்யா!"

"உங்க மனுவுக்கு முன்னாடியே அதே அடையாளத்தோட ஒரு மனு இருந்துச்சு சார். முதல்ல பொருந்துறதோட நின்னுரும்னு நீங்கதானே சொன்னீங்க? பச்சை நூல் வரைக்கும் அச்சு பிசகாம சொன்னார். அவரே தைச்சதாம்."

புரோகிராமர் கேட்டார்: "யாரு அவர்?"

"யாரோ பெரியவர் சார், ரயிலை விட்டு இறங்கினதும் மெசேஜைப் பார்த்துட்டு வந்தாராம். போன வருஷம் மக வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பும்போது ரயில்ல விட்டுட்டேன்னு நினைச்சு மனு கொடுத்திருக்கார். 'இன்னிக்கும் அங்கதான் போறேன், இந்தத் தடவை நுழைஞ்சதுமே மாப்பிள்ளை கையில கொடுத்துப் பத்திரமா வைக்கச் சொல்லிடணும்'னு சொல்லிட்டுப் போனார்."