எவ்வளவு வேணும் என்று கேட்டார்கள்

பேரன்புள்ள அமிர்தம் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் சூசைநாதனின் மகள் அருள்மொழி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். பிரான்சில் குளிர் எப்படி என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியது நாற்பது நாளாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம்.

இன்டர்வியூ முடிந்துவிட்டது அத்தை. "சம்பளம் கேட்டா வாய மூடிக்கினு நிக்காத. கீழ ஒரு தொகை, மேல ஒரு தொகை சொல்லு. இருபத்தஞ்சுலேந்து முப்பதுன்னு சொல்லு" என்று நீங்கள் அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜைத் தினமும் போட்டுக் கேட்டு, மூலக்குளத்து வாடகை அறையில் கண்ணாடியைப் பார்த்துப் பிரெஞ்சில் சொல்லிப் பழகினேன். வீட்டுக்கார கோகிலாம்பாள் கதவைத் தட்டி, "இன்னாடி, உள்ள யாரு? ஆம்பளக் கொரலா இருந்தாலும் பரவால்ல, புரியற மாதிரியாச்சும் பேசுங்க" என்றாள். அத்தையோடு பேசுகிறேன் என்றேன். உங்கள் பதிலைத் தவிர மற்றதெல்லாம் அந்தப் பேச்சில் இருந்தது.

இன்டர்வியூ அன்று பார்த்து வில்லியனூர் ரயில்வே கேட் மூடிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினேன், செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்திக்கொண்டு போனேன். பிரெஞ்சில் வேலை நடக்கிற அந்தக் கம்பெனியில் ஆண்டனி சார் என்று ஒருவர். பிரெஞ்சில் பேசினால் தோளில் கைபோடாத குறை. இங்கே எல்லோரும் நண்பர்கள், சார் மோர் எல்லாம் வேண்டாம் என்கிறார். நடுவில் திரும்பி, டீ கொண்டுவந்த பெரியவரிடம் தமிழில், "யோவ், கண்ணு தெரில? ஃபைல் மேலயா வெப்ப?" என்கிறார். அந்தப் பெரியவருக்கு அப்பா வயது. மறுபடி என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "அலோர், தூ வெ கொம்பியன்?" என்றார். சரி, உனக்கு எவ்வளவு வேணும்? கூட்டாளியிடம் கேட்பதுபோல.

இருபத்தஞ்சு என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன் அத்தை. நம் ஊர் சோரியாங்குப்பத்தில் நம் ஆட்களை யார் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? நாற்று நடக் கூப்பிடும்போதே கூலியையும் நிலக்காரர்களே சொல்லிவிடுவார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று சொல்வாரே, அது என் வாயிலிருந்து வந்தது, சுத்தமான பிரெஞ்சில்: "நீங்களே பார்த்துக் கொடுங்க."

அவர் பார்த்தார். பதினாலாயிரம் என்று எழுதினார்.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "மரியாதயாதான பேசிக்கீற, வுடு" என்றார். பெருமை வேறு. எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் கடைசி பஸ் பிடித்துவிட்டேன். அந்தக் கம்பெனி வாசலை இனி மிதிக்க மாட்டேன், இது சத்தியம். நட்பாகப் பேசியே கழுத்தறுக்கிற இடம் அது.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் என்னை மறந்திருந்தால் புதிதாகச் சொல்லி வையுங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டு ஹீட்டரையும் உங்கள் போனையும் காப்பாராக. ஒரு தடவை எடுங்கள் அத்தை.

இப்படிக்கு,
அருள்மொழி

பி.கு.: இதைத் தபாலில் போடாமலே மூன்று வாரம் ஓடிவிட்டது. வாடகைக்கு வழியில்லை, அதே கம்பெனியில் பதினாலுக்கே சேர்ந்துவிட்டேன். இன்டர்வியூவுக்கு வருகிறவர்களிடம் பேசுகிற வேலை. ஆண்டனி சார் கொடுத்த தாளில் சம்பளம் பதிமூன்றிலிருந்து இருபத்தெட்டு வரை எது வேண்டுமானாலும் போடலாம் என்று இருக்கிறது. நேற்று காட்டேரிக்குப்பத்திலிருந்து கீர்த்திகா என்று ஒரு பெண் வந்தாள். சிரித்துக்கொண்டே, "அலோர், தூ வெ கொம்பியன்?" என்றேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு தமிழில், "நீங்களே பாத்து குடுங்கக்கா" என்றாள். மூலக்குளத்துக்கு வந்த பிறகு என்னை ஒருவரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

பதிமூன்று என்று எழுதினேன்.