பிரசவக் குழுவின் சிறப்பு அழைப்பாளர்

கர்ப்பத்தை ஓர் அரசுத் துறையாக உயர்த்திய முதல் குடும்பம், அந்தமானில் மட்டுமல்ல, அகில உலகிலும் எங்களுடையதுதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அந்தக் கர்ப்பம் என்னுடையது.

ஏழாம் மாதம் பிறந்ததும் என் கணவர் ஈஸ்வரன், அலுவலகத்தில் சூப்பரின்டெண்டெண்ட், 'பிரசவ ஆயத்தக் குழு' அமைத்தார். தலைவர் மாமனார். உறுப்பினர் மாமியார். செயலாளர் அவரே. நான் 'சிறப்பு அழைப்பாளர்'.

"என்னங்க, கால் வீங்கிருக்கு. நெஞ்சு எரியுது. ராத்திரி தூக்கமே இல்ல."

"அது இன்னிக்கு அஜெண்டால இல்ல, சங்கவி. கடைசில எடுத்துக்கலாம்."

தலைப்பிரசவத்துக்கு என்னை மெயின்லேண்டுக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பலாமா என்று ஆழமாக விவாதித்தார்கள். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியபோது, இந்த வயிற்றோடு ஏற்றமாட்டோம் என்று விமானக் கம்பெனி கைவிரித்துவிட்டது. குழு தளரவில்லை. எங்கள் ஊர் பாம்பூஃப்ளாட்டிலிருந்து காரை ஃபெர்ரியில் ஏற்றி, அக்கரையில் ஆஸ்பத்திரி சேர்வதென்று திட்டமிட்டு ஒத்திகையும் பார்த்தார்கள். எனக்கு ஓய்வு தேவையாம். அதனால் பின்சீட்டில் ஒரு தலையணைக்கு என் சால்வையைப் போர்த்தி உட்கார வைத்தார்கள். அது எதற்கும் குறை சொல்லவில்லை என்று மாமனார் பாராட்டினார்.

வலி வந்த அன்றும் தலையணை சால்வையோடு காரிலேயே இருந்தது, என் முதுகுக்கு அண்டை கொடுக்க. படகுத்துறை ஜெட்டியில் காரை ஓட்டுபவர் தவிர எல்லோரும் இறங்கி நடந்துதான் ஃபெர்ரியில் ஏற வேண்டும். கணவர் டிக்கெட் வாங்கப் போயிருந்தபோது இறங்கினேன். நாலடி வைப்பதற்குள் வலி சுண்டியிழுக்க, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாமனாரும் மாமியாரும் பையோடு முன்னால் போய்விட்டார்கள். கணவர் திரும்பி வந்தார், கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார், சால்வை தெரிந்தது. எனக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று திருப்தியாகக் காரை ஏற்றினார். ஃபெர்ரி புறப்பட்டது.

போன் செய்தேன். "என்னங்க, நான் ஜெட்டில இருக்கேன்."

"பதறாத. நீ கார்லதான் இருக்க. இப்பதான் பாத்தேன்."

"அது தலகாணிங்க."

"அப்பாட்ட கேட்டுச் சொல்றேன்."

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பானு என்ற மீன்காரப் பெண் எழுந்தாள். "டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க அக்கா. என் கையப் புடிங்க, சின்ன போட் வருது."

கூடையை அங்கேயே விட்டுவிட்டு என்னோடு ஏறினாள். வலி வந்தபோதெல்லாம் அவள் கையைத்தான் நசுக்கினேன். நடுக்கடலில் எதிரே ஒரு ஃபெர்ரி போனது. அதில் குழு, முழு கோரத்துடன், ஓர் உறுப்பினர்கூடக் குறையாமல், என்னை அழைத்துவர பாம்பூஃப்ளாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் மறுபடி அக்கரை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது என் மகள் பிறந்து, பானுவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியதும் கணவர் 'குழந்தை வளர்ப்புக் குழு'வின் முதல் கூட்டத்தைக் கூட்டினார். சிறப்பு அழைப்பாளருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார். நான் தலையணையைக் கொண்டுவந்து அதில் உட்கார வைத்து, சால்வையையும் போர்த்திவிட்டேன்.

"என்ன சங்கவி இது?"

"கூட்டத்துக்கு இனிமேயும் இதுவே வரட்டும். இத்தன மாசமா நீங்க பாத்துக்கிட்டது இதத்தான்."