குழந்தைக்கு முந்நூற்று நாற்பது, எனக்கு நூற்றுத் தொண்ணூறு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கையும் ஏழு மாதக் கைக்குழந்தையும் இங்கு நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. அங்கு தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அதிலும் எனக்கு இப்போது ஒரு சந்தேகம்.

விஷயம் இதுதான். போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ரத்தம் எடுத்தார்கள். வந்ததுதான் வந்தோம் என்று, ஆபீஸில் கேட்ட வருடப் பரிசோதனைக்கு நானும் கையை நீட்டினேன். காய்ச்சல் மறுநாளே விட்டது. கவலை என்னைப் பிடித்தது. ஏதோ கல்லீரல் என்சைமாம், பெயர் வாயில் நுழையவில்லை, நூற்று இருபதைத் தாண்டக் கூடாதென்று தாளிலேயே அச்சடித்திருக்கிறது. குழந்தைக்கு முந்நூற்று நாற்பது! கடை கடையாகத் தராசு சோதிக்கிறவன் நான், பத்து கிராம் பிசகினாலே சீல் வைக்கிறவன், இதை விடுவேனா? நர்ஸிடம் கேட்டால் சிரிக்கிறாள். எதுக்குச் சிரிக்கணும்? லேப்காரன் "டாக்டரைப் பாருங்க சார்"ங்கறான், முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கறான். உங்க தங்கச்சியோ, "நல்லாத்தானே தவழ்றான், சும்மா இருங்க"ங்கறா. இவ்வளவு தைரியம் எங்கேருந்து வருது? முன்னாடியே தெரியுமோ? மச்சான், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, உங்க வீட்டுல யாருக்காவது கல்லீரல் கோளாறு இருந்து, சம்பந்தம் பேசும்போது எங்ககிட்ட மறைச்சிட்டீங்களா? எங்க பக்கம் சுத்தம். எனக்கே நூற்றுத் தொண்ணூறுதான்! கண்ணு மஞ்சளா இருக்கான்னு மணிக்கொரு தரம் குழந்தையோட இமையை விரிச்சுப் பார்க்கறேன். இப்ப என்னைக் கண்டாலே கண்ணை இறுக்கி மூடிக்கறான். அவனும் எதையோ மறைக்கறான். அவனுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன் மச்சான்.

சாயங்காலம் ரெண்டு தாளையும் டாக்டரம்மாகிட்ட கொண்டுபோய் ஒப்பிட்டுக் காட்டப் போறேன். நீங்க பதிலை யோசிச்சு வைங்க.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும், உண்மை தெரியும்வரை பாதியளவு மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
ஏமாந்துவிட்டேனோ என்று அஞ்சும்
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள போயிட்டு வந்துட்டேன். நூற்று இருபது பெரியவங்களுக்கான அளவாம். லேப்ல குழந்தை தாள்லயும் அதையே அடிச்சிருக்காங்க. எலும்பு வளர்ற வயசுல அந்த என்சைம் எலும்புலேருந்தும் வருமாம், அவனுக்கு முந்நூற்று நாற்பது சரிதானாம். மேலே எழுதினதுக்கெல்லாம் மன்னிச்சிடுங்க. அப்புறம் டாக்டரம்மா என் தாளைப் பார்த்தாங்க. "உங்களுக்கும் எலும்பு வளருதா சார்?"னாங்க. இந்தத் தடவை நர்ஸ் சிரிக்கல. வர்ற வியாழக்கிழமை வெறும் வயித்தோட ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. கூட வாங்க மச்சான், பயமா இருக்கு. உங்க தங்கச்சிகிட்ட மட்டும் இதை மறைச்சிடுங்க.